உப்புக்காற்றின் இரண்டாம் குரல்

கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகும் பஸ்ஸில் மார்க்கிரட் ஏறியது, புருஷனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகத்தான்.

காலையில் தலைவலி என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் படுத்துக் கிடந்தவள், கிளாரன்ஸ் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பியதும் எழுந்தாள். முகம் கழுவினாள். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் முன்னால் அலங்கோலமாகப் போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண் யாரென்றுதான் தெரியவில்லை. குரல் மட்டும் தெரியும்.

கிளாரன்ஸ் ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதும் வேலை. சனி ஞாயிறுகளில் அவனும் மூர்த்தியும் இருதயமும் சேர்ந்தால் 'உப்புக்காற்று' என்ற பாட்டுக்குழு. பள்ளிக்கூட வாத்தியாரான மூர்த்தி வயலின் வாசிப்பான். பேஸ் கித்தாரும் ரிக்கார்டிங் மிஷினும் இருதயத்தின் பொறுப்பு. பாட்டு எழுதிப் பாடுவது கிளாரன்ஸ். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குடியிருந்த, மேருவிலுள்ள ஒரு பழைய பலகை வீட்டில்தான் பதிவு நடக்கும். ஊரிலிருந்த மற்ற குழுக்கள் எல்லாம் கல்யாண டின்னரில் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் சொந்தமாக, மெதுவாக, நெஞ்சைப் பிசைகிற மாதிரி பாடினார்கள். உப்புக்காற்றைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து அழுதுவிடுவார்கள் என்று கேலி பேசினார்கள்.

முதல் கேசட் 'நடைமேடை' எழுபத்தெட்டில் வந்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பல மாதம் தூசி படிந்து கிடந்தது. பிறகு எப்படியோ லோரி ஓட்டுநர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பெண்கள். அந்தக் கேசட்டின் கடைசிப் பாட்டில் கிளாரன்ஸ் பாடி முடித்த பிறகு ஒரு பெண் மெல்ல முனகுவது கேட்கும்.

"அது யாருங்க?" என்று மார்க்கிரட் கேட்டாள்.

"எதிரொலி மா. பழைய வீடு லா. பலகைத் தரை."

அவள் நம்பினாள்.

எண்பத்தொன்றில் இரண்டாவது கேசட் 'ஈரச்சுவர்' வந்தது. இப்போது அந்தப் பெண் முனகவில்லை. ஒவ்வொரு பல்லவியிலும் கிளாரன்ஸோடு சேர்ந்து பாடினாள். அட்டையில் அவள் பேர் இல்லை. கேசட் நன்றாக விற்றது. ரசிகர்கள் எல்லாரும் அவளைப் பற்றியே விசாரித்தார்கள்.

மார்க்கிரட் மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டாள். மூர்த்தியின் வயலின்தான் அப்படிக் கேட்கிறது என்றான் கிளாரன்ஸ். "கிளாரன்ஸே குரலை மெலிசாக்கிப் பாடி மேல ஏத்தினது அண்ணி" என்றான் மூர்த்தி. இருதயமோ, "காஜாங்லேர்ந்து ஒரு பொண்ணு வந்து பாடிட்டுப் போச்சு. பேரு மறந்துருச்சு" என்று தலையைச் சொறிந்தான்.

ஒரு கேள்விக்கு மூன்று பதில். மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்ன பதில்.

மார்க்கிரட் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். முகம் தெரியாத குரல்களோடுதான் பகல் முழுக்க அவளுக்கு வேலை. அது வயலின் இல்லை, கிளாரன்ஸும் இல்லை. முப்பதைத் தாண்டிய ஒரு பெண். பாடுவதற்கு முன்னால் அவள் இழுக்கும் மூச்சுகூடக் கேட்டது. கிளாரன்ஸின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு ஒரே மைக்கில் பாடினால்தான் மூச்சு அவ்வளவு கிட்டத்தில் விழும்.

அதையும் பொறுத்துக்கொண்டாள். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மூன்றாவது கேசட்டுக்காகப் பதிந்திருந்த ஒரு டேப் கிளாரன்ஸின் பையில் கிடந்தது. துணி இஸ்திரி போட்டுக்கொண்டே அதை ஓடவிட்டாள். கிளாரன்ஸின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. அந்தப் பெண்தான் முன்னால் நின்று பாடினாள்.

ரோசலின், ரோசலின் என்று பாடினாள்.

இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் சட்டை கருகியது மார்க்கிரட்டுக்குத் தெரியவில்லை.

எழுபத்தாறில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு பிறக்கவில்லை. அதற்கு வைப்பதற்காக இருவரும் ஒரு பேர் பேசி வைத்திருந்தார்கள். மாதா கோயில் சாமியாரிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மட்டும் இருந்த பேர் அது. அவன் அந்தப் பெண்ணோடு படுத்திருந்தால்கூட ஒருநாள் மன்னித்திருப்பாளோ என்னவோ. இந்தப் பேரைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டானே என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பஸ் அவளை மேருச் சந்தியில் இறக்கிவிட்டுப் போனது. மழை வருகிற மாதிரி வானம் கறுத்துக் கிடந்தது. சந்தியில் லெட்சுமி என்ற பெண்மணியின் தேத்தண்ணிக் கடை. மார்க்கிரட் அவளிடம் வழி கேட்டாள்.

"தொர வீடா? நேரா போங்க. புதுசா ஃபேக்டரி கட்டுறாங்கல்ல, அதுக்குப் பின்னால."

"அங்க பாட வர்ற அம்மாவ உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"அம்மாவா? மூணு ஆம்பளைங்கதான் வராங்க. பொம்பளை யாரும் வந்து நான் பாத்ததில்ல."

இவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று மார்க்கிரட் நினைத்துக்கொண்டாள்.

லெட்சுமி தேத்தண்ணியை ஆற்றியபடியே, "உள்ள போனா வாய்விட்டுப் பேசிக்கிட்டு நிக்காதீங்க" என்றாள்.

"ஏன், யாராச்சும் செத்துட்டாங்களா அந்த வீட்ல?"

"யாரும் சாகல. எங்க மாமனார் அங்கதான் தோட்டக்காரரா இருந்தாரு. தொரையம்மா ஆசைப்பட்டு ஒரு பியானோ வாங்கினாங்களாம். கொஞ்ச நாள்தான். திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னு யாருக்கும் சொல்லல. அதுக்கப்புறம் அந்த வீட்ல யாரும் சீட்டிகூட அடிச்சதில்ல."

மார்க்கிரட் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தாள்.

வீடு தூண்கள் மேல் நின்றது. ரப்பர் மரங்களை வெட்டிப் பல வருஷம் ஆகியிருந்தும், புளித்த ரப்பர் பால் வாடை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. இருதயத்தின் வேன் நின்றது. கிளாரன்ஸின் மோட்டார் சைக்கிள் நின்றது. படிக்குக் கீழே செருப்புகள் கிடந்தன. மார்க்கிரட் குனிந்து பார்த்தாள்.

மூன்று ஜோடி. மூன்றும் ஆண்களுடையவை.

தன் செருப்பை ஒளித்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. சமையலறைப் படியில் நின்று காது கொடுத்தாள். கிளாரன்ஸ் ஒரு வரி பாடினான், நிறுத்தினான். அடுத்த வரி பாடப்படவில்லை. ஆனால் வயலின் நிற்காமல் வாசித்தது. ஒருவர் பாடும்போது அவரை முந்தாமல், விட்டும் போகாமல் பின்னாலேயே போவது போல வாசித்தது. அந்த வரி முடிகிற நேரத்தில் கிளாரன்ஸ் மறுபடி சேர்ந்துகொண்டான்.

மார்க்கிரட் அப்படியே நின்றாள்.

மறுபடியும் அவன் நிறுத்தினான். மறுபடியும் வெறும் வயலின். யாருமில்லாத இடத்துக்குப் பின்பாட்டு.

அவள் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே போனாள். கட்டில் இல்லை, திரை இல்லை, ஒரு பெண் ஒளிந்துகொள்ள அலமாரிகூட இல்லை. நடுக்கூடத்துக் கதவைத் தள்ளினாள். மூன்று பேரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். மூவரின் கன்னமும் நனைந்திருந்தது.

கிளாரன்ஸ் கண்ணைத் திறந்தான். மாட்டிக்கொண்டவனின் திடுக்கிடல் அந்த முகத்தில் இல்லை. அதுதான் அவளை முதலில் பயமுறுத்தியது. அவன் உதட்டில் விரலை வைத்து, தன் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

அவள் அதைக் காதில் வைத்தாள்.

கூடத்தின் சத்தங்கள் எல்லாம் பெரிதாகக் கேட்டன. கூரையில் விழத் தொடங்கிய மழை. மூர்த்தியின் நாற்காலி முனகல். அவளுடைய மூச்சு.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு.

அவள் ஹெட்போனை விலக்கினாள். மழை மட்டும் கேட்டது. மறுபடி வைத்தாள்.

மூச்சு கிட்டத்தில் வந்திருந்தது.

புளித்த பால் வாடை திடீரென்று மூக்கை அடைத்தது. அவள் காது மடலுக்குள்ளேயே வாயை வைத்தது போல அந்தக் குரல் பாடியது.

"ரோசலின்..."

மார்க்கிரட் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு, "என்னாங்க இது?" என்றாள்.

"மெதுவா பேசு" என்று கிசுகிசுத்தான் கிளாரன்ஸ். "நம்ம புள்ளதான் மார்கி. வளந்துட்டா."

"அவ பேரு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நான் யார்கிட்டயும் சொல்லல. மொத கேசட் பதியறப்போ இவங்க ரெண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தாங்க. தனியா மைக் முன்னால உக்காந்திருந்தேன். வாய்விட்டு ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்தேன். அவ்வளவுதான். அன்னிக்கே முனகல் வந்துச்சு. இப்ப பேரு சொல்லியே பாடுறா." அவன் கண்கள் பளபளத்தன. "அடுத்த மாசத்திலேர்ந்து நான் இங்கயே இருந்துக்கலாம்னு பாக்குறேன். இருதயம் வீட்டுக்காரங்ககிட்ட பேசிட்டான். நீயும் வந்துடு."

மார்க்கிரட் மற்ற இருவரையும் பார்த்தாள். "மூர்த்தி, நீங்க சொல்லுங்க. அது எங்க புள்ளையா?"

மூர்த்தி வயலின் வில்லை மடியில் வைத்தான். "எனக்கு அது எங்கக்கா குரல் அண்ணி. காச்சல்ல போனவங்க. அவங்களத் தவிர யாரும் என்ன அப்படிக் கூப்பிடமாட்டாங்க."

"இருதயம்?"

"எங்கம்மா" என்றான் இருதயம்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருஷமாக ஒரே கூடத்தில் உட்கார்ந்து அழுதவர்கள், யாருக்காக அழுகிறோம் என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

பயம் இருந்த இடத்தில் மார்க்கிரட்டுக்குப் பழைய சந்தேகம் திரும்பி வந்தது. ஆனால் இந்தத் தடவை அது புருஷன் மேல் இல்லை.

"இங்க வந்து அவங்க பேரச் சொல்லிப் பேசியிருக்கீங்களா, ரெண்டு பேரும்?"

மூர்த்தி ஆமென்று தலையசைத்தான். இருதயம் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"டேப்ப ஓடவிட்டுட்டு எல்லாரும் வெளிய போங்க" என்றாள். "எனக்கு அவகிட்ட பேசணும்."

அவர்கள் முன்வாசலுக்குப் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். மார்க்கிரட் மைக் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். என்ன பேர் சொல்வது என்று யோசித்தாள். அவள் குடும்பத்தில் இல்லாத பேர், அவள் தெருவில் இல்லாத பேர், அவளுக்குப் பழக்கமான யாருக்கும் இல்லாத பேர்.

"கனகேஸ்வரி" என்றாள். "என் மகளே. கிள்ளான் ஆத்துல குளிக்கப் போனியே. திரும்பி வரலியே. அம்மா இன்னும் உனக்குச் சோறு போட்டு வச்சிருக்கேன்."

அப்படி ஒரு மகள் அவளுக்கு இருந்ததில்லை. அப்படி ஒரு சாவு நடந்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

மழை.

மழை மட்டும்தான்.

பிறகு கூடத்தின் மறுகோடியில் பலகை ஒன்று அழுந்தியது. அப்புறம் இந்தப் பக்கம் ஒன்று. ஹெட்போனில் மூச்சு வந்தது. முதலில் நெற்றியில் பட்டது, பிறகு காதில். அவசரமே இல்லாத மூச்சு.

மார்க்கிரட் திரும்பிப் பார்க்கவில்லை.

குரல் பாடத் தொடங்கியது. ஆற்றோடு போன கனகேஸ்வரி, சோறு ஆறிப்போச்சு கனகேஸ்வரி, அம்மா கதவைச் சாத்தலை கனகேஸ்வரி. ரோசலினுக்கு என்ன ஏக்கமோ அதே ஏக்கம். அதே உருக்கம். துளியும் கூடவில்லை, குறையவில்லை. பொய் என்று தெரிந்தும் இல்லாத மகள் ஈரப் பாவாடையோடு கண்முன்னே நின்றாள். பெறாத பிள்ளைக்காக மார்க்கிரட் விம்மி அழுதாள். இன்னும் கொஞ்சம் கேட்டால் போதும், எழுந்திருக்கவே மனம் வராது என்று தோன்றியது.

எழுந்துவிட்டாள்.

மூவரையும் உள்ளே கூப்பிட்டு டேப்பைத் திருப்பி ஓடவிட்டாள். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டார்கள்.

"கனகேஸ்வரி யாரு அண்ணி?" என்று மூர்த்தி கேட்டான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"யாருமில்ல. நான் கட்டிச் சொன்னது. இல்லாத ஒருத்திக்கும் அது இப்படித்தான் அழுவுது. நாம என்ன போடுறமோ அதத் தின்னுட்டுத் திருப்பிப் பாடுது."

மூர்த்தி வயலினைப் பெட்டியில் வைத்து மூடினான். இருதயம் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினான். கிளாரன்ஸ் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அப்ப ரோசலின்?" என்றான், சின்னப் பையன் மாதிரி.

மார்க்கிரட் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். "நம்ம ரோசலின் பாடமாட்டா. அவ ஒரு மூச்சுகூட விட்டதில்ல. அன்னிக்கு நீங்க கொடுத்து வச்சவரு, வெளிய நின்னீங்க. நான் பாத்தேன். எனக்குத் தெரியும்."

எட்டு வருஷமாக அவள் இதைச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. கிளாரன்ஸ் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். அந்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

அவர்கள் எழுந்தபோது இருதயம் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒயர் அவன் கையில் தொங்கியது.

மீட்டரில் முள் ஆடிக்கொண்டிருந்தது.

மிஷினை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டே வெளியேறினார்கள்.

மூன்றாவது கேசட்டை மறு வருஷம் கோலாலம்பூரில் வாடகை ஸ்டூடியோவில் எடுத்தார்கள். 'கரை' என்று பேர் வைத்தார்கள். ஆண் குரல்கள் மட்டும். அதில் ஒரு பாட்டை ரோசலினுக்காகவே கிளாரன்ஸ் எழுதியிருந்தான். மார்க்கிரட்டிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் பாடினான். குரல் அங்கங்கே உடைந்தது. அப்படியே விட்டார்கள். அந்தப் பொம்பளை இல்லாமல் உப்புக்காற்று இல்லை என்று ரசிகர்கள் சொன்னார்கள். கேசட் போகவில்லை. மூர்த்தி ஈப்போவுக்கு மாற்றலாகிப் போனான். இருதயம் வேனை விற்றுவிட்டு மச்சானோடு வியாபாரத்தில் இறங்கினான். குழு கலைந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த கேசட் வரவில்லை, அவ்வளவுதான். துரை வீட்டை இடித்துவிட்டுக் கையுறை ஃபேக்டரி கட்டினார்கள்.

கிளாரன்ஸும் மார்க்கிரட்டும் வீட்டில் ரோசலினைப் பற்றிப் பேசப் பழகிக்கொண்டார்கள். முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு சோறு பரிமாறும்போது, துணி காயப்போடும்போது, இருந்திருந்தால் இப்போது எந்த வகுப்பு படிப்பாள் என்று சாதாரணமாகப் பேச முடிந்தது. கனகேஸ்வரி என்ற பேரை மட்டும் நான்கு பேரில் ஒருவரும் எங்கேயும் சொல்லவில்லை. அதைப் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. தானாகவே அப்படி அமைந்துவிட்டது.

தொண்ணூறாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கிளாரன்ஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மார்க்கிரட் மேசையில் உட்கார்ந்து பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் நேயர் விருப்பம் போய்க்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் உற்சாகமான குரலில் ஊரையும் பேரையும் வாசித்துக்கொண்டே வந்தார்.

"அடுத்து, ரொம்ப நாளா யாரும் கேக்காத ஒரு பாட்டு. உப்புக்காற்று குழுவோட 'கரை' கேசட்லேர்ந்து. இதை விரும்பிக் கேட்டிருக்கிறவங்க மேருவிலிருந்து கனகேஸ்வரி."

கத்தி நின்றது.

கிளாரன்ஸ் பேப்பரை இறக்கினான். மூர்த்தியாக இருக்குமோ, இருதயம் விளையாடுகிறானோ என்று அவள் முகத்தில் தேடினான். அவளும் அதையேதான் அவன் முகத்தில் தேடினாள்.

"பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கிற தன்னோட அம்மா மார்க்கிரட்டுக்காகக் கேட்டிருக்காங்க" என்றார் அறிவிப்பாளர்.

கித்தார் ஆரம்பித்தது. கிளாரன்ஸ் பாய்ந்து ரேடியோவை அணைக்கப் போனான். மார்க்கிரட் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமான பிடி. அவள் கண்கள் அவன் மேல் இல்லை.

"இருங்க" என்றாள். "பாட்டு முடியட்டும்."